சோடியத்துக்கு ஒரு விருப்பமும் இல்லை

“சித்தி, சோடியம் எலக்ட்ரானைக் குடுக்கத் துடிக்குதுன்னு நேத்து சொன்னீங்க. புத்தகத்துல அதோட அயனியாக்கும் ஆற்றல் 496 கிலோஜூல்னு போட்டிருக்கு. குடுக்கத் துடிக்கிறவங்ககிட்ட இருந்து வாங்க நாம எதுக்கு இவ்வளவு செலவு பண்ணணும்?”

தொலைபேசியில் அக்கா மகள். அப்போது அவள் பதினோராம் வகுப்பு. இரவு பத்தரை மணி இருக்கும். ஏதோ சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. “நாளைக்குச் சொல்றேன்டி” என்று வைத்துவிட்டேன்.

நான் படித்தது வேதியியல். இன்று பார்க்கிற வேலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் குடும்பத்தில் ஒருத்தி வேதியியல் படித்தவள் என்று தெரிந்துவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சந்தேகமெல்லாம் அவள் தலையில்தான் விடியும். முதலில் அக்கா மகள், பிறகு அவளுடைய தோழிகள், அப்புறம் தோழிகளின் தம்பிகள். எல்லாமே தேர்வுக்கு முந்தைய இரவில் வரும். கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் நானும் சில பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். சோடியத்துக்கு ஓர் எலக்ட்ரான் மிச்சம், குளோரினுக்கு ஒன்று குறைச்சல், அது கொடுக்க இது வாங்க, இரண்டுக்கும் நிம்மதி. பிள்ளைக்கும் புரியும், எனக்கும் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

அன்று அந்தப் பதில் உடைந்தது. தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஒரு மோல் (டஜன் மாதிரி, அணுக்களை எண்ண ஒரு பெரிய எண்ணிக்கை) சோடியம் அணுக்களிடமிருந்து ஆளுக்கோர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவு. அதே எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது கைக்கு வருவது 349. தொடக்கமே 147 கிலோஜூல் நஷ்டம். இதுவும் முழுச் செலவு இல்லை. சோடியம் நம்மிடம் தனி அணுவாக இல்லை, திட உலோகமாக இருக்கிறது. அதை உதிரி அணுக்களாக்க 107. குளோரினும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிற வாயு. ஒரு மோல் தனிக் குளோரின் அணுக்களைப் பெற 121. ஆகமொத்தம் செலவு 724, வரவு 349, துண்டு விழுவது 375. இந்த இடத்தில் கணக்கை மூடினால் உப்பு என்று ஒரு பொருளே இருக்க முடியாது.

வரவு வேறோர் இடத்திலிருந்து வருகிறது. நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் நெருங்கி, ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று படிகமாக அடுக்கி உட்காரும்போது 787 கிலோஜூல் வெளிவருகிறது. 375 கடனை அடைத்தது போக மிச்சம் 412. சோதனைச்சாலையில் அளந்து சொல்கிற மதிப்பு 411. அந்த ஒரு கிலோஜூல் நான் தசமங்களை வெட்டியதால் வந்தது.

மறுநாள் இதை வரிவரியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அப்போ சோடியத்துக்குக் குடுக்கணும்னு ஒரு ஆசையும் இல்ல. யாரோ கட்டாயப்படுத்திப் பிடுங்கியிருக்காங்க.”

“கட்டாயமும் இல்லடி. கணக்கு.”

அதற்குப் பிறகு ஒரு விளையாட்டு ஆரம்பமானது. நான் பதில் சொல்லும்போது ‘விரும்புகிறது’, ‘ஆசைப்படுகிறது’, ‘நினைக்கிறது’ என்று வாயிலிருந்து வந்தால் அவள் “சித்தி!” என்பாள். நான் திருத்திச் சொல்ல வேண்டும். எவ்வளவு கஷ்டம் என்று செய்துபார்த்தால்தான் தெரியும். நம்முடைய கலைச்சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. எலக்ட்ரானை வாங்கும்போது வெளியாகும் ஆற்றலுக்கு ‘எலக்ட்ரான் நாட்டம்’ என்று பெயர். நாட்டம் என்றாலே விருப்பம்தான். பிணைப்பில் இருக்கிற எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பது ‘கவர்தன்மை’. எதனோடும் எளிதில் சேராத வாயுக்கள் ஒரு புத்தகத்தில் ‘மந்தம்’, இன்னொன்றில் ‘உயரிய’, வேறொன்றில் ‘அரிய’. சோம்பேறி என்று திட்டுவதா, பெரிய மனிதர் என்று கும்பிடுவதா என்று நாமே முடிவுக்கு வரவில்லை. போதாக்குறைக்கு ‘எண்ம விதி’, கடைசி அடுக்கில் எட்டு எலக்ட்ரான் நிரம்பினால் அணு நிலைக்கும் என்பது. விதி என்ற சொல்லுக்குத் தமிழில் தலையெழுத்து என்றும் பொருள் உண்டு. அணுவின் தலையில் எட்டு என்று எழுதியிருப்பதாகவே பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

எட்டு என்பதற்கு அப்படி ஒரு தெய்வீகமும் கிடையாது. அதைக் காட்டிக்கொடுப்பது பொட்டாசியம். அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குக்குக் கூடு என்று பெயர். மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான்கள் வரை கொள்ளும் என்று ஒரு பக்கத்தில் படிக்கிறோம். அடுத்த பக்கத்தில் 19 எலக்ட்ரான்கள் கொண்ட பொட்டாசியத்தின் அமைப்பு 2, 8, 8, 1. “மூணாவதுல இன்னும் பத்து இடம் காலியா இருக்கே, எதுக்கு அந்த ஒண்ணு நாலாவதுக்குப் போகுது?” இந்தக் கேள்வி எனக்கு வராத வருடம் இல்லை. ‘எட்டு நிரம்பிவிட்டது, அதனால்’ என்பது பதில் இல்லை. கேள்வியையே திருப்பிப் போட்டுச் சொல்வது அது.

கூடு என்பது ஒரே அறை இல்லை. உள்ளே 2, 6, 10, 14 என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மூன்றாம் கூட்டின் முதல் இரண்டு பிரிவுகளும் நிரம்பினால் எட்டு. மீதமிருக்கும் பத்து இடங்கள் ஆற்றலில் உயரத்தில் இருக்கின்றன. நான்காம் கூட்டின் முதல் இரண்டு இடங்கள் பெயருக்குத்தான் நான்காவது. அங்கே இருக்கும் எலக்ட்ரான் உள்ளே நுழைந்து அணுக்கருவுக்குப் பக்கத்திலும் கொஞ்சம் இருந்துவிட்டு வருவதால் பொட்டாசியத்தில் அதன் ஆற்றல் குறைவு. அதனால் முதலில் அங்கே போகிறது. பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் அந்த இரண்டு இடங்கள் முடிந்ததும், விட்டுப்போன பத்து இடங்கள் ஸ்கேண்டியத்தில் தொடங்கித் துத்தநாகம் வரை நிரம்புகின்றன. தனிமங்களை அடுக்கியிருக்கும் தனிம வரிசை அட்டவணையின் நடுவில் பள்ளம்போல இறங்கியிருக்கிற பத்து நெடுவரிசைகள் அவைதான். (இரும்பு அயனியாகும்போது மட்டும் முதலில் வெளியேறுவது நான்காம் கூட்டுக்காரர்கள். அதற்குள் அணுக்கருவின் மின்சுமை கூடி, உள்ளே இருக்கிற பத்து இடங்கள் கீழே இறங்கிவிடுகின்றன. இதைத் தனியாக ஒருநாள் சொல்ல வேண்டியிருந்தது.)

இது புரிந்தால் அட்டவணையின் உருவமே புரிந்துவிடும். இரண்டு; ஆறைச் சேர்த்தால் எட்டு; பத்தைச் சேர்த்தால் 18; பதினான்கைச் சேர்த்தால் 32. ஏழு வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டினால் 118. இதுவரை பெயர் வைத்திருக்கிற தனிமங்கள் அத்தனைதான். கடைசி நான்கின் பெயர்கள் 2016இல் உறுதியாயின. லாந்தனைடுகளையும் ஆக்டினைடுகளையும் கீழே தனியே ஏன் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பையன் பரிதாபமாகக் கேட்டான். ஒதுக்கவெல்லாம் இல்லை. உள்ளே வைத்தால் 32 நெடுவரிசை வரும், பக்கத்தில் கொள்ளாது. அச்சுக்காரர்களின் வசதி, அவ்வளவுதான்.

உயரிய வாயுக்கள் எதனோடும் வினைபுரியா என்ற வாக்கியமும் அப்படித்தான். நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர் பிளாட்டினம் ஹெக்சாஃப்ளுரைடை வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, அது ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலும் உயரிய வாயுக்களில் ஒன்றான செனானின் அயனியாக்கும் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்று. இதனால் முடிந்தால் அதனாலும் முடிய வேண்டுமே என்று 1962இல் செனானைக் கலந்துபார்த்தார். அறை வெப்பநிலையிலேயே ஆரஞ்சு மஞ்சளாக ஒரு திடப்பொருள் வந்து உட்கார்ந்தது. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் அவர் செய்தது. எட்டு நிரம்பிய செனான் ‘திருப்தியாக’ இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு இது தோன்ற வழியே இல்லை.

அட்டவணையைப் பற்றி இன்னொன்று. அதை உண்டாக்கியவர்களுக்கு எலக்ட்ரானே தெரியாது. மெண்டலீவ் 1869இல் அடுக்கியபோது கையில் இருந்தவை 63 தனிமங்கள். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல். ‘ஏன்’ என்பதற்கு அவரிடம் எந்தப் பதிலும் இல்லை. அணு நிறையை வரிசையாக வைத்தால் குணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். பொருந்தாத இடத்தில் கட்டத்தைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகிறதன் குணத்தையும் எழுதினார். அலுமினியத்துக்குக் கீழே வரவேண்டியதற்கு ‘ஏக-அலுமினியம்’ என்று பெயர். ஏகம், ஒன்று: அலுமினியத்திலிருந்து ஒரு கட்டம் தள்ளி. ரஷ்யாக்காரர் வடமொழி எண்ணை எடுத்திருக்கிறார் என்றதும் பிள்ளைகளுக்கு அவர்மேல் திடீரென்று பாசம் வந்துவிடும்.

1875இல் பிரான்சில் லெகோக் டி புவாபோட்ரான் அந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்தார், காலியம். அடர்த்தியை 4.7 என்று அளந்து சொன்னார். அதைக் கண்ணாலும் பார்த்திராத மெண்டலீவ், “5.9 அளவில் இருக்க வேண்டும், மறுபடி பாருங்கள்” என்று எழுதினார். சுத்தப்படுத்தி மறுபடி அளந்தால் 5.9. இந்தக் கதையைச் சொன்னால் கைதட்டாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. உடனே அடுத்த கதையையும் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் மெண்டலீவ் கடவுள் ஆகிவிடுவார்.

டெலூரியத்தின் அணு நிறை 127.6. அயோடினுக்கு 126.9. நிறைப்படி அடுக்கினால் அயோடின் முதலில் வர வேண்டும், ஆனால் அதன் குணமெல்லாம் குளோரின், புரோமினோடு போகிறது. மெண்டலீவ் குணத்தை நம்பி மாற்றி வைத்தார். அது சரி. ஆனால் காரணம் கேட்டபோது டெலூரியத்தின் நிறையைத் தப்பாக அளந்துவிட்டார்கள் என்றார். அது தப்பு. அளவு சரியாகத்தான் இருந்தது. நிறையை வைத்து அடுக்கியதுதான் கோளாறு என்று தெரிய 1913 ஆனது. மோஸ்லி என்ற இளைஞர் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணுக்கருவின் மின்சுமைப்படி தனிமங்களுக்கு எண் கொடுத்தார்: டெலூரியம் 52, அயோடின் 53. இரண்டு வருடத்தில் முதல் உலகப்போரில், கலிபோலியில் குண்டடிபட்டு இறந்துபோனார். வயது 27. இதைச் சொல்லும்போது மறுமுனையில் யாரும் கைதட்டுவதில்லை.

சரி, வினைகளுக்கு வருகிறேன்.

சமன்பாட்டைச் சமன்படுத்துவதில் வருகிற சந்தேகங்கள் சீக்கிரம் தீரும். ஒரு பையன் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் சமன்பாட்டில், நீரில் ஆக்சிஜனுக்குக் கீழே ஓர் இரண்டைப் போட்டுவிட்டு “கணக்கு சரியா வருதே” என்றான். வருகிறதுதான். ஆனால் அவன் எழுதியது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. முன்னால் போடும் எண் எத்தனை மூலக்கூறு என்று சொல்லும். கீழே போடும் எண் எந்தப் பொருள் என்றே மாற்றிவிடும். ஒரு தடவை சொன்னால் போதும்.

சீக்கிரம் தீராதது வேறொன்று. பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்று கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் நம்புகிறார்கள். பெரியவர்களும்தான். எரிபொருளுக்குள்ளே ஆற்றல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, உடைத்தால் கொட்டும் என்ற படம் மனதில் ஆழமாக இருக்கிறது. நடப்பது நேர்மாறு: உடைப்பது எப்போதும் செலவு, சேர்ப்பது எப்போதும் வரவு. அதே ஹைட்ரஜன் கணக்கு: இரண்டு மோல் ஹைட்ரஜனைப் பிரிக்க 436 வீதம் 872. ஒரு மோல் ஆக்சிஜனைப் பிரிக்க 498. மொத்தச் செலவு 1370 கிலோஜூல். உருவாகும் இரண்டு மோல் நீராவியில் நான்கு மோல் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு, 463 வீதம் 1852. நிகர வரவு 482. சுடர் கொடுக்கிற வெப்பம் அந்த 482தான்.

அக்கா மகள் விடவில்லை. “இவ்வளவு லாபம்னா ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரே குடுவையில வச்சதும் தானா நடக்கணுமே?” நடக்காது. அந்தக் கலவை அறை வெப்பநிலையில் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். முதல் தவணைச் செலவுக்கு யாராவது கைகொடுக்க வேண்டும். ஒரு பொறி போதும். அந்தத் தவணைக்குத்தான் கிளர்வு ஆற்றல் என்று பெயர். பொறியும் இல்லாமல் செய்து காட்டியவர் டோபரைனர். பஞ்சுபோன்ற பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜனை ஊதி, காற்றில் தானாகப் பற்றவைத்து 1823இல் ஒரு விளக்கே செய்தார். ஒத்த குணமுள்ள தனிமங்களை மும்மூன்றாகச் சேர்க்கிற மும்மை விதியில் வருகிறாரே, அதே டோபரைனர். அட்டவணைப் பாடத்தில் வருகிற ஆளும் வினையூக்கிப் பாடத்தில் வர வேண்டிய ஆளும் ஒருவர் என்று பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என்னுடைய ‘எல்லாம் கணக்கு’ என்ற புதுப் பதிலுக்கும் அடி விழுந்தது. அடித்தது லித்தியம்.

கார உலோகங்கள் கீழே போகப்போக வேகம் கூடும், லித்தியம் நீரில் மெதுவாகக் குமிழிவிடும், சோடியம் உருண்டையாகி ஓடும், பொட்டாசியம் பற்றிக்கொள்ளும். இது பத்தாம் வகுப்பு. மின்வேதியியலுக்கு வந்தால் லித்தியத்தின் மின்முனை அழுத்தம் (நீரில் எலக்ட்ரானை இழக்கும் போக்கின் அளவு, மைனஸ் பக்கம் கூடினால் போக்கும் கூடுதல்) மைனஸ் 3.04 வோல்ட், பொட்டாசியத்துக்கு மைனஸ் 2.93, சோடியத்துக்கு மைனஸ் 2.71. எண்ணைப் பார்த்தால் லித்தியம்தான் முதலிடம். நீரோடு வினைபுரியும்போது ஒரு மோலுக்கு வெளியாகும் வெப்பத்தைப் பார்த்தாலும் லித்தியம் 222 கிலோஜூல், பொட்டாசியம் 196, சோடியம் 184. லாபம் அதிகம் இருக்கிற இடத்தில் வேகம் குறைவு.

எவ்வளவு கிடைக்கும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. லித்தியம் உருக 180 டிகிரி வேண்டும். சோடியத்துக்கு 98, பொட்டாசியத்துக்கு 63 சொச்சம். சோடியமும் பொட்டாசியமும் தங்கள் வினையின் சூட்டிலேயே உருகி, நீருக்குப் புதிதுபுதிதாக முகம் காட்டிக்கொண்டே இருக்கின்றன. லித்தியம் கட்டியாகவே கிடக்கிறது. அதன் எலக்ட்ரானைப் பிடுங்கவும் அதிக ஆற்றல் வேண்டும், 520 கிலோஜூல். இந்தக் கணக்கு தெளிவாவதற்கு எங்களுக்கு இரண்டு மாலைகள் ஆயின.

அந்த வெடிப்பும் பாடத்தில் சொல்கிற அளவுக்கு எளிதில்லை. ஹைட்ரஜன் வெளிவருகிறது, சூட்டில் பற்றுகிறது, வெடிக்கிறது என்றுதான் நானும் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் ஹைட்ரஜனும் நீராவியும் நடுவில் ஒரு திரையாகி, உலோகத்தை நீரிலிருந்து பிரித்து, வினையை மட்டுப்படுத்த வேண்டுமே? 2015இல் பிராக் நகர ஆய்வாளர்கள் சோடியம்–பொட்டாசியக் கலவைத் துளியை நீரில் விட்டு அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். ஒரு மில்லிவினாடிக்குள்ளேயே துளியிலிருந்து முள்முள்ளாகக் கிளம்பியது. மேற்பரப்பு அணுக்களின் எலக்ட்ரான்கள் நொடிப்பொழுதில் நீருக்குள் போய்விட, மிச்சமிருக்கிற நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு துளியையே கிழிக்கின்றன என்பது அவர்கள் விளக்கம். அத்தனை தலைமுறை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டிய வினை!

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: “பரீட்சையில எதை எழுத?” புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள் என்றுதான் சொல்வேன், கூச்சமே இல்லாமல். ‘நிலைத்த எலக்ட்ரான் அமைப்பைப் பெறுவதற்காக’ என்ற வரிக்கு இரண்டு மதிப்பெண் இருக்கிறது. திருத்துகிறவர் கையில் நூறு விடைத்தாள். அவரிடம் போய் 787 கிலோஜூலைப் பற்றி வாதாட முடியாது. அக்கா மகள் ஒருமுறை இரண்டையும் எழுதிவைத்தாள். இரண்டு மதிப்பெண் வந்தது. கணக்குப் பகுதிக்கு மேலே சிவப்பு மையில் ஒரு சின்னக் கேள்விக்குறி.

அவள் இப்போது கல்லூரியில். படிப்பது வேதியியல் இல்லை. போன வாரம் அவள் தம்பி கூப்பிட்டான், ஒன்பதாம் வகுப்பு. “சித்தி, ஹீலியத்துல ரெண்டு எலக்ட்ரான். பெரிலியத்தோட கடைசிக் கூட்டுலயும் ரெண்டு. அப்போ ஹீலியத்தைப் பெரிலியத்துக்கு மேலதானே வைக்கணும்? எதுக்குக் கடைசி மூலையில கொண்டுபோய் வச்சிருக்காங்க?”

நல்ல கேள்வி. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “அது வந்துடா, பெரிலியம் அந்த ரெண்டையும் விட்டுக்கொடுக்கும். ஹீலியத்துக்கு அதுல இஷ்டமே இல்ல” என்று ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து அவன் அக்காவின் குரல்: “சித்தி! 2372 கிலோஜூல்னு சொல்லுங்க.”